தலைச்சன் தலையில் பொருக்கு

பல வருஷம் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருந்தேன். காய்ச்சலுக்கும் பேதிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள் டாக்டரிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வெளியே வந்து எங்களிடம் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள். “தலையில இப்படிப் பொருக்குத் தட்டியிருக்கே, என்ன சிஸ்டர் இது?” டாக்டரிடம் கேட்க வெட்கம். வீட்டில் கேட்டாலோ ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கேள்வி விடவில்லை. தம்பி மகள்களும் பக்கத்து வீட்டுப் பெண்களும் இப்போது போனில் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் கண்ணு. ஆனால் முதலாவதையும் பதினான்காவதையும் தாண்டிப் போகாதே.

1. மருந்தைக் கேட்கும் முன் வயதைப் பார்.

பிறந்து 3 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் உச்சியிலும் முன்தலையிலும் மஞ்சளாக, பிசுக்கென்று, தடித்து ஒட்டியிருக்கும் பொருக்கு வருமானால் அது பச்சைப் பிள்ளைக்கு வருகிற சாதாரண விஷயம். வயிற்றில் இருந்தபோது உன் உடம்பிலிருந்து போன ஹார்மோன்கள் பிள்ளையின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிட்டிருக்கின்றன. அந்த வேகம் பிறந்து சில மாதம் வரை தணியாது. அதோடு மலசீசியா என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. உன் தோல், என் தோல், எல்லோர் தோலிலும் சும்மா இருந்துகொண்டிருப்பதுதான். தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ள அதற்குத் தெரியாது, நம் தோலின் எண்ணெயைத் தின்றுதான் பிழைக்கிறது. எண்ணெய் அதிகமான இடத்தில் அதுவும் பெருகித் தோலை உசுப்பிவிட, உதிர வேண்டிய பழைய தோல் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து அடுக்கடுக்காகக் காய்கிறது என்பதுதான் மருத்துவர்களின் கணிப்பு.

மாதம் ஏற ஏறச் சுரப்பிகள் அடங்கும், பொருக்கும் போய்விடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் சுத்தமாகிவிடும், சிலருக்கு 2 வயது வரை கொஞ்சம் இழுக்கும். அதன்பிறகு அந்தச் சுரப்பிகள் 8, 9 வயது வரை தூங்குகின்றன. இந்த ஒரு சங்கதியை மனத்தில் முடிந்து வை. 6 மாதப் பிள்ளையின் தலைச் செதிலுக்கு நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 3 வயதுப் பிள்ளைக்குப் புதிதாகச் செதில் வந்தால் கதையே வேறு.

2. இது அழுக்கு அல்ல, உன் குற்றமும் அல்ல.

தினம் குளிப்பாட்டும் வீட்டிலும் வரும், வாரம் ஒருமுறை தலைக்கு ஊற்றும் வீட்டிலும் வரும். ஒட்டுவாரொட்டியும் கிடையாது. அண்ணன்காரன் தம்பியின் தலையை முத்தமிடலாம், யாரும் தடுக்க வேண்டாம்.

பழி மட்டும் நேரே தாயின் இலைக்கு வரும். கத்திரிக்காய் தின்றாய், கருவாடு தின்றாய், அதெல்லாம் கரப்பான் பண்டம், பால் வழியாகப் போய்ப் பிள்ளை தலையில் வந்துவிட்டது என்பார்கள். இதைக் கேட்டுப் பருப்பும் மீனும் முட்டையும் விட்டுவிட்டு வெறும் ரசம் சாதத்தில் பால் கொடுத்துக்கொண்டு, சோகை பிடித்து வெளுத்துப்போய் வந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பொருக்குக்கும் உன் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. நன்றாகச் சாப்பிடு. மாமியாரோடு வாதாடாதே, “டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டாருங்க அத்தை” என்று ஒரே பேச்சில் முடித்துவிடு. அந்தக் காலத்திலும் மாமியார்களுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு அதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

3. நகத்தை ஒட்ட வெட்டு.

பிள்ளையின் நகத்தையல்ல, உன் நகத்தைச் சொல்கிறேன். பால் கொடுக்கும்போது கை சும்மா இருக்காது, ஓரம் தூக்கி நிற்கிற பொருக்கைக் கண்டால் பிய்க்கத் தோன்றும். பாட்டிமார்களுக்கு இது இன்னும் பெரிய சோதனை. காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் அடியில் உள்ள இளந்தோலும் சேர்ந்து வரும். நீர் கசியும், அதில் கிருமி புகுந்தால் சிரங்காகிவிடும். ஒன்றும் இல்லாத பொருக்கு நோயாவது பெரும்பாலும் இப்படித்தான்.

4. எண்ணெய் ஊற வைக்கத்தான், ஊறிக் கிடக்க அல்ல.

நம் பக்கம் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். எண்ணெய் வைப்பதில் தப்பே இல்லை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை உடனே சுரண்டாமல் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம் அல்லவா, அதே வேலையைத்தான் இங்கே எண்ணெய் செய்கிறது. பொருக்கு இளகும், தோலைவிட்டு நெகிழும். அதன்பிறகு எண்ணெயையும் பொருக்கையும் சேர்த்துக் கழுவி எடுத்துவிட வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை என்று உச்சியில் வைத்து, அது ஊறட்டும் என்று விட்டுவிடுகிறோம். தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும் என்று பயந்து வாரம் முழுக்க அந்த எண்ணெய் அப்படியே இருக்கிறது. பூஞ்சை எண்ணெய் தின்று வாழ்வது என்று முதலிலேயே சொன்னேனே, நாம் மூன்று வேளையும் பந்தி போடுகிறோம். ஆய்வகங்களில் மலசீசியாவை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் வளர்ப்புத் தட்டின்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றி வளர்ப்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து தம்பி வாங்கி வந்தான் என்று அதே ஆலிவ் எண்ணெயைப் பிள்ளை தலையில் நாள் முழுக்க ஊற வைக்கிறவர்களை என்னவென்று சொல்ல!

அளவு: ஒரு தேக்கரண்டி போதும். நேரம்: 15 முதல் 20 நிமிடம். மிகவும் தடித்த பொருக்கு என்றால் ஒரு மணி நேரம் வரை விடலாம். பிறகு தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும். ஊற்ற முடியாத நாளில் எண்ணெயும் வைக்காதே.

5. எந்த எண்ணெய் என்று ரொம்ப யோசிக்காதே.

வீட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். வாசனையில்லாத பேபி ஆயிலோ வாசலினோ இருந்தாலும் சரி. விளக்கெண்ணெய் குளிர்ச்சி என்பார்கள். கெடுதல் ஒன்றும் செய்யாது, ஆனால் அந்தப் பிசுபிசுப்பைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளையும் அழும், நீயும் அழுவாய். கடுகெண்ணெய் வேண்டாம், இளந்தோலில் எரியும்.

6. தேய்ப்பதற்குப் பழைய வேட்டித் துணி.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியை விரலில் சுற்றிக்கொள். இல்லாவிட்டால் மிக மென்மையான புது டூத் பிரஷ் ஒன்றைப் பிள்ளை தலைக்கென்றே வாங்கி வை. எண்ணெய் ஊறியதும் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேய். வருவது வரட்டும், வராததை நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் தலையைப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்று இறங்காதே. பேன் சீப்பை எடுத்துக்கொண்டு வருகிற ஆத்தாவை வாசலிலேயே நிறுத்து. அதன் பல் ஈருக்கானது.

பொருக்கோடு கொஞ்சம் முடியும் வரும். பயப்படாதே, வேரோடு போகவில்லை, திரும்ப முளைக்கும். பிறந்த முடி முதல் சில மாதங்களில் உதிர்வதும் இயல்பு. பின்தலை படுக்கையில் உரசி வழுக்கையாவதும் அப்படித்தான்.

7. அலசுவதில் சிக்கனம் வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரை முழங்கை மடிப்பில் ஊற்றிப் பார்த்துவிட்டு எடு. காலை நீட்டிப் பிள்ளையைப் படுக்க வைத்து, ஆவி பறக்கும் தண்ணீரை மடமடவென்று ஊற்றுகிற பழைய முறையில் பிள்ளை அசந்து தூங்கும், உண்மைதான். ஆனால் அந்தச் சூடு தோலைக் காயப்போட்டு எரிச்சலைக் கூட்டும். குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு போதும். வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படிச் செய், பொருக்கு அடங்கியபின் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள். தினம் சோப்புக்கட்டி போட்டுத் தேய்த்தால் தலை வறண்டு, அதனாலேயே வேறு வகைச் செதில் வரும்.

கடலை மாவு, பயத்தம் மாவு, நலங்கு மாவு பற்றியும் சொல்ல வேண்டும். உனக்கு நல்லது, பெரிய பிள்ளைக்கும் நல்லது. ஆனால் பொருக்குத் தலையில் எண்ணெய் வைத்து மாவு போட்டால் இரண்டும் சேர்ந்து முடியடியில் அப்பிக்கொள்ளும். வார்டில் ‘பொருக்கு’ என்று காட்டிய எத்தனையோ தலைகளை ஈரப் பஞ்சால் துடைத்தபோது பாதிக்குப் பாதி காய்ந்த மாவாக வந்தது. சீயக்காயும் அரப்பும் இந்த வயதுக்கு வேண்டாம். கண்ணில் பட்டால் பிள்ளை அன்றைக்கு முழுக்கக் குளியலறைப் பக்கமே வராது.

தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும் என்ற பயத்துக்கு ஒரு பதில்: சளி வைரஸால் வருகிறது. குளித்ததும் துவட்டி, காற்றாடிக்கு நேரே படுக்க வைக்காமல் இருந்தால் போதும். சாம்பிராணி போட்டுத்தான் முடி காய வேண்டும் என்பதில்லை. அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

8. உச்சிக்குழியைத் தொடப் பயப்படாதே.

பொருக்கு அதிகம் தடிப்பது உச்சிக்குழியின் மேல்தான். காரணம் லேசானது: அங்கே கைவைக்க எல்லோருக்கும் பயம். எலும்பு இன்னும் சேரவில்லையே தவிர, அடியில் உறுதியான சவ்வு இருக்கிறது. மெல்லத் தேய்ப்பதாலும் அலசுவதாலும் ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் அது மூடிவிடும். எண்ணெய் குழிக்குள் இறங்கி மூளையைக் குளிர வைக்கும் என்பதெல்லாம் ஆசைப்பட்டுச் சொன்ன பேச்சு.

உன் வீட்டுக்காரரையும் இதில் இறக்கிவிடு. ஆண்களின் கை கனமானது என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறோம். எண்ணெய் வைத்துக் கடிகாரம் பார்ப்பதற்கும் தண்ணீர் மொண்டு கொடுப்பதற்கும் என்ன கனம்?

9. தலையில் போடக்கூடாதவை.

கற்பூரம் முதலில். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சித் தேய்ப்பது பல வீடுகளில் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடம்பில் ஏறும். சின்னப் பிள்ளைக்கு வலிப்புகூட வரலாம். இதில் பேரமே இல்லை, பூஜை அறையோடு நிற்கட்டும்.

எலுமிச்சைச் சாறு, சின்ன வெங்காயச் சாறு, உப்பு, வினிகர் எல்லாம் எரிச்சல். மண்ணெண்ணெய் பேனுக்குக்கூடக் கூடாது. வெட்பாலை எண்ணெய், பொடுதலைத் தைலம் இவற்றுக்குச் சித்த வைத்தியத்தில் இடம் உண்டு. ஆனால் கைக்குழந்தைக்கு அதைப் படித்த சித்த மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும், நாட்டு மருந்துக் கடைக்காரர் அல்ல.

பெரியவர்களின் பொடுகு ஷாம்புவும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் சாலிசிலிக் அமிலம் இருக்கும். பிள்ளையின் எடைக்கு அதன் தோல் பரப்பு அதிகம், அதனால் மருந்து உள்ளே இறங்குவதும் அதிகம். நீ தலைக்குப் போட்டுக்கொள்வதுதானே என்று நினைத்துவிடாதே.

10. கம்பளித் தொப்பியைக் கழற்று.

சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகளைப் பஸ்ஸில் இன்றும் பார்க்கிறேன். வியர்வை, எண்ணெய், சூடு மூன்றும் தேங்கிப் பொருக்கும் கூடும், வேர்க்குருவும் சேரும். குறைமாதப் பிள்ளைக்கும் மார்கழிக் குளிருக்கும் தொப்பி சரி. மற்ற நேரத்தில் தலைக்குக் காற்று வேண்டும்.

11. தலையோடு நிற்காது, மடிப்புகளையும் பார்.

புருவம், காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லா இடத்திலும் இதே சமாசாரம் வரலாம். புருவத்தில் வந்தால் எண்ணெய் ஒரு பொட்டு வைத்துத் துடைத்துவிடு, கண்ணுக்குள் ஓட விடாதே. மடிப்புகளில் எண்ணெயே வேண்டாம். தண்ணீரில் கழுவி ஒற்றியெடுத்து உலர்வாக வைத்திரு. பவுடரைக் கொட்டி அடைக்காதே, அது மடிப்பில் கட்டியாகி அறுக்கும், மூக்குக்குள்ளும் போகும். கழுத்துக்கு அடியில் பால் வழிந்து தேங்குவதை மட்டும் ஒவ்வொரு தடவையும் துடைத்துவிடு.

12. மொட்டை போட்டால் சரியாகிவிடும் என்பார்கள்.

குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்ட மொட்டையை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கணக்கைப் பார்: நாம் மொட்டை போடுவது 9, 11 மாதத்தில், இல்லையென்றால் ஒரு வயதில். பொருக்கு தானாக உதிர்கிற காலமும் அதுதான். பொருக்கு தன் பாட்டுக்குப் போகிறது, பெயர் மொட்டைக்குப் போகிறது.

முடி இல்லாவிட்டால் எண்ணெய் வைத்துக் கழுவ வசதி, அவ்வளவுதான் லாபம். தலையில் தடித்த பொருக்கோ, கசிவோ இருக்கும்போது மட்டும் போடாதே. சவரக் கத்தி அதன்மேல் ஏறினால் கட்டாயம் வெட்டுப்படும். நாலு வாரம் தள்ளிப் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. போகும்போது உன் கண் முன்னால் புது பிளேடு மாட்டச் சொல். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணமே கிடையாது. கொடுக்க நினைத்த காசில் ஒரு புது பிளேடு பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோனாலும் தகும். முடித்ததும் கல்லில் இழைத்த சந்தனம் பூசலாம், தோல் கிழிந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

13. வெள்ளையாகத் திட்டு விழுந்தால் அலறாதே.

நம் நிறத்துத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. படம் போட்ட புத்தகங்களில் வெள்ளைக்காரப் பிள்ளையின் தலை சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நம் பிள்ளைக்கு அப்படி இல்லையே என்று குழம்புவார்கள். நமக்கு அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ தெரியும். பொருக்கு போனபிறகு நெற்றி ஓரத்திலும் புருவத்திலும் காதுப் பின்புறமும் வெளிறிய திட்டுகள் நிற்கும். வெண்படை என்று நினைத்து இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசுகிற அளவுக்குப் போய்விடும். தோல் கோபித்து அடங்கிய தடம்தான் அது. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், நிறம் திரும்பிவிடும். அதற்கென்று எதையும் பூச வேண்டாம்.

14. 2 வயது தாண்டிய பிள்ளைக்குப் ‘பொடுகு’ என்று சொல்லிவிட்டுப் போகாதே.

எண்ணெய்ச் சுரப்பி தூங்குகிற வயதில் பொடுகு வருவது அபூர்வம். பால்வாடிக்குப் போகிற வயதிலிருந்து பள்ளி வயது வரை தலையில் செதில் என்றால் நான் முதலில் தேடுவது படர்தாமரையைத்தான். ஆமாம், தொடையிலும் இடுப்பிலும் வருகிற அதே இனம், தலைமுடிக்குள்ளும் வரும். சில சமயம் பார்க்கப் பொடுகு போலவே இருந்து ஏமாற்றிவிடும்.

பகல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் சாய்த்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார். ஒரு இடத்தில் முடி அடர்த்தி குறைந்திருக்கிறதா? முடி அடியோடு ஒடிந்து கறுப்புப் புள்ளி புள்ளியாக நிற்கிறதா? பிடரியிலும் காதுப் பின்புறமும் விரலால் தடவினால் நெறி கட்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெயை மூடி வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ போ.

இதற்குக் களிம்பு மட்டும் பூசினால் போகாது. பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், மேலே பூசுவது அங்கே எட்டாது. உள்ளுக்கு மருந்து கொடுக்க வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். கிரிசியோஃபல்வின் கொடுத்தால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் ஆகும். அந்த மருந்து வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. பாலோடு, நெய்ச் சோற்றோடு கொடு. செதில் போய்விட்டதே என்று இரண்டாம் வாரத்தில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

சிலருக்கு அந்த இடம் வீங்கி, கொழகொழவென்று, சீழ் கோத்து வலிக்கும். கட்டி என்று நினைத்து நல்ல நாள் பார்த்துக் கீறிவிடுகிறவர்கள் உண்டு. கீறவே கூடாது. உள்மருந்தில்தான் அது அடங்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து பிறகு முடியே முளைக்காது.

இது ஒட்டும். சீப்பு, துண்டு, தலையணை உறை, தொப்பி, சலூன் மெஷின் வழியாக வரும். வீட்டில் வளர்க்கிற பூனை, நாய்க்குட்டியின் உடம்பில் முடி கொட்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல். கூட்டுக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைக்கு ஒரே சீப்பு என்பதை இன்றோடு நிறுத்து. மருந்து தொடங்கிவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

15. சொறிகிறதா என்று கவனி.

பச்சைப் பிள்ளையின் பொருக்கு பொதுவாக அரிக்காது. பார்க்கிற நமக்குத்தான் நமநம என்று இருக்கும், அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு பால் குடிக்கும். தலையைத் தலையணையில் உரசி, ராத்திரி எழுந்து அழுது, கன்னத்திலும் கை மடிப்பிலும் சொரசொரப்பாக இருந்து, வீட்டில் யாருக்காவது இழுப்போ தும்மல் அலர்ஜியோ இருக்குமானால் அது கரப்பான் வகை. அதற்கு வைத்தியமே வேறு, தோலை ஈரமாக வைக்கிற களிம்புதான் அதில் பாதி வைத்தியம்.

செதிலா ஈரா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் முடியோடு இழுத்துப் பார். செதில் வழுக்கி வரும். ஈர் முடியை விடாது. வெள்ளி நிறத்தில் தடித்து, எல்லை தெளிவாக நெற்றி வரை இறங்கி நின்றால் சோரியாசிஸ் ஆக இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும்.

16. மருந்துக் கடையில் தலையைக் காட்டாதே.

“அண்ணா, பிள்ளை தலையில பொருக்கு” என்றால், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ஒரு டியூபை எடுத்து நீட்டுவார்கள். வீரியமுள்ள ஸ்டீராய்டுக்குச் சட்டப்படி மருத்துவர் சீட்டு வேண்டும், கேட்பார்தான் இல்லை. பூசிய மறுநாளே பளிச்சென்று ஆகிவிடும், அதுதான் வலை. பிள்ளையின் தோல் மெலிந்துபோகும், மருந்து உள்ளேயும் இறங்கும். படர்தாமரையாக இருந்தால் மேலே அடங்கினாற்போலக் காட்டி அடியில் பரவும். பிறகு எந்த மருத்துவர் பார்த்தாலும் அடையாளம் தெரியாமல் திணறுவார். ஸ்டீராய்டின் மிக லேசான வடிவத்தைச் சில நாளைக்கு மருத்துவரே எழுதித் தரலாம், கீட்டோகோனசோல் ஷாம்பு சொல்லலாம். அவர் சொன்ன அளவு, சொன்ன நாள், அத்தோடு நிறுத்து. மிச்ச டியூபைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்யாதே.

17. இவற்றைப் பார்த்தால் அன்றைக்கே போ.

பொருக்குக்கு அடியில் நீர் கசிந்து தேன் நிறத்தில் காய்கிறது, துர்நாற்றம் வருகிறது, காய்ச்சல் இருக்கிறது. உடம்பு முழுக்கப் பரவிச் சிவந்து உரிகிறது. செதிலுக்கு நடுவே ரத்தப் புள்ளிகள் தெரிகின்றன. விடாத பேதி, எடை ஏறவில்லை, வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண். இவை அபூர்வம், ஆனால் வெறும் தலைப் பொருக்கு அல்ல. துத்தநாகச் சத்துக் குறைவு, நோய் எதிர்ப்புக் குறைவு போன்ற பெரிய காரணங்கள் பின்னால் இருக்கலாம்.

அவசரம் இல்லாமலும் போக வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு: நான் சொன்னபடி சில வாரம் சரியாகச் செய்தும் துளியும் குறையவில்லை என்றால்.

18. மருத்துவரிடம் போகும் நாளில் தலையைச் சிங்காரிக்காதே.

டாக்டர் பார்க்கப் போகிறார் என்று முந்தின நாளே எண்ணெய் வைத்து, தேய்த்து, சுரண்டிச் சுத்தமாக்கிக் கூட்டி வருவார்கள். அவர் பார்க்க வேண்டியதே அந்தச் செதிலைத்தான். இரண்டு நாள் எண்ணெய் வைக்காமல், தலையை அப்படியே விட்டுக் கொண்டுபோ. படர்தாமரை என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் செதிலையும் ஒடிந்த முடியையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலிக்காது, பிள்ளை கைகால் உதைக்கும், அவ்வளவுதான். இதுவரை பூசிய எல்லாவற்றையும், அம்மாயி கொடுத்த தைலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போ. “ஒண்ணும் பூசலீங்க” என்று பொய் சொல்லாதே, டாக்டருக்கு மணத்திலேயே தெரிந்துவிடும். எப்போது தொடங்கியது என்று கேட்டால் தடுமாறாமல் இருக்க, வாரம் ஒரு படம் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வைத்திரு. வீட்டில் தலையைச் சொறிந்துகொண்டு திரிகிற அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களையும் அன்றைக்கே கூட்டிப்போய்விடு. இரண்டு தடவை லீவு போட்டு இரண்டு தடவை வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.